மூன்றோடு சாக்கு

சீட்டாட உட்கார்ந்தால் அவர் முதலில் ஆடமாட்டார். சாக்கை நாலாக மடித்துப் போட்டு, அதன் மேல் சம்மணமிட்டு, முழங்கால் மேல் கையை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருப்பார். ஜெயித்தவன் தொடையைத் தட்டுவான், தோற்றவன் சீட்டைத் திட்டுவான். இவர் முகத்தில் ஒன்றும் இருக்காது. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி இருப்பார். ஒரே பக்கம் இரண்டு தடவை அடுத்தடுத்து விழுந்ததும் வலது கையில் இரண்டு விரல்கள் தானாக நிமிரும். மூன்றாவது தடவை அதே பக்கத்தில் பணம் வைப்பார்.

ஆட்டம் உள்ளே வெளியே. ஒரு சீட்டைத் திருப்பிப் போட்டுவிட்டு, மீதிச் சீட்டுகளை உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று போட்டுக்கொண்டே வருவார்கள். திருப்பிய சீட்டின் எண் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் கட்டியவனுக்குப் பணம். இதில் கணக்கு எதுவும் கிடையாது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அவர் இருக்கிறது என்பார்.

“ஒண்ணு காத்து. ரெண்டு வழி. மூணு சோறு.”

நாலு என்ன என்று யாராவது கேட்பார்கள். அதற்காகவே காத்திருந்த மாதிரி சொல்வார்.

“நாலு பேர் தூக்கற ஆட்டம்.”

மூன்றாவதை ஜெயித்துவிட்டால் எழுந்துவிடுவார். அதற்குப் பிறகு அதே பக்கம் ஏழு தடவை விழுந்தாலும் திரும்பிப் பார்க்கமாட்டார். தோற்றால் மறுபடி முழங்கால் மேல் கையை வைத்துக்கொள்வார். அடுத்த இரட்டை வரும்வரை வாயைத் திறக்கமாட்டார்.

அது மின்வெட்டுக் காலம். ஓசூரில் கம்பெனிகளுக்கு வாரத்தில் ஒரு நாள் மின்சாரம் கிடையாது. பவர் ஹாலிடே என்போம். அன்று காலை பத்து மணிக்கே எங்கள் கம்பெனிக்குப் பின்னால் இருந்த தைலமரத் தோப்பில் ஆள் சேர்ந்துவிடும். நான் ஆடமாட்டேன். ஒற்றை அறை வீட்டில் மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். நான் கிடந்தால் அவர்களுக்கு இடம் இருக்காது. அதனால் போய் ஓரமாக உட்கார்ந்திருப்பேன்.

நான் போன முதல் நாளே அவர் மூன்றாவதை ஜெயித்துவிட்டு எழுந்தார். என்னைப் பார்த்து, “சாக்கு” என்றார். உட்கார்ந்திருந்த சாக்கைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, அதை எடுத்து, உதறி, மடித்து அவர் கையில் கொடுத்தேன். தோப்பே சிரித்தது. ஒருவன் தரையில் படுத்துச் சிரித்தான். அவர் மட்டும் சிரிக்காமல் சாக்கை அக்குளில் வைத்துக்கொண்டார்.

“கன்னடத்துல சாக்குன்னா போதும்னு அர்த்தம். எந்த ஊரு நீ?”

கோவில்பட்டிப் பக்கம் என்றேன்.

“எல்லாம் மதுரதான்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து என் பெயர் மதுரை ஆயிற்று. யார் எழுந்தாலும், “மதுர, சாக்கு எடு” என்பார்கள். சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுப்பேன்.

வீட்டில் அவருக்குத் தெலுங்கு. கம்பெனியில் தமிழ். ஆட்டத்தில் கன்னடம். கோபம் வந்தால் மூன்றிலும் பேசமாட்டார்.

பிரஸ் ஷாப்பில் அவர் செட்டர். தகடு வெட்டும் அச்சுகளை இயந்திரத்தில் ஏற்றி, இறுக்கி, முதல் பீஸ் பார்த்துக் கொடுக்கிற வேலை. கை சுத்தமான வேலைக்காரர். அவர் ஏற்றிய அச்சை யாரும் குறை சொன்னதில்லை. ஆனால் வேலையையும் அவர் ஆட்டம் மாதிரித்தான் பார்த்தார். எதற்கும் இரண்டு வரட்டும் என்று காத்திருப்பார்.

ஒரு தடவை சானமாவுக் காட்டிலிருந்து யானைகள் இறங்கி ராயக்கோட்டை ரோட்டில் நின்றுவிட்டன. அந்தப் பக்கமிருந்து வரும் கம்பெனி பஸ் இரண்டு மணி நேரம் தாமதம். மறுநாளும் அப்படியே. இரண்டு நாளும் அவர் அந்த பஸ்ஸில்தான் இருந்தார். மூன்றாம் நாள் காலையில் மோட்டார் பைக்கில் கெலமங்கலம் சுற்றி வந்து, சரியான நேரத்துக்கு அட்டையைக் குத்தினார். பஸ்ஸில் வந்த முப்பது பேருக்கும் அன்று அரை நாள் சம்பளம் போயிற்று. முன்னாலேயே தெரிந்திருந்தால் எங்களுக்கும் சொல்லியிருக்கலாமே என்று சண்டைக்கு வந்தார்கள்.

“நீங்க கேக்கலியே” என்றார்.

நாலாம் நாள் அவர் பஸ்ஸிலேயே வந்தார். யானைகள் போய்விட்டிருந்தன. எல்லோரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அந்த பஸ்ஸில் வருகிறவர்களில் உத்தனப்பள்ளிக்காரன் ஒருவன் இருந்தான். ஒப்பந்தத் தொழிலாளி. காலையில் தக்காளிக்குத் தண்ணீர் கட்டிவிட்டு ஷிப்டுக்கு வருவான். கால் நகத்தில் செம்மண் இருக்கும். எனக்குப் பக்கத்துப் பிரஸ் அவனுடையது. ஒரு நாள் முதல் ஷிப்டில் அவன் பெடலை ஒரு தடவை மிதித்தால் பிரஸ் இரண்டு தடவை இறங்கியது. கை வெளியே இருந்ததால் தப்பினான். செட்டரைக் கூப்பிட்டான். அவர் வந்து பார்த்து, எண்ணெய் விட்டு, நாலு தடவை ஓட்டினார். சரியாகவே ஓடியது. ஒரு மணி நேரம் கழித்து மறுபடி இரண்டு தடவை இறங்கியது. மறுபடி வந்து பார்த்தார். மறுபடியும் சரியாக ஓடியது.

போகும்போது அவர் என் பக்கத்தில் நின்றார். இரண்டு விரல்களும் நிமிர்ந்திருந்தன.

“மதுர, மூணாவது இருக்குது” என்றார். பிரஸ்ஸுக்கு அடியில் வைத்திருந்த தன் டூல் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

என்னிடம்தான் சொன்னார். நான் அவனிடம் சொல்லவில்லை. அவர் செட்டர், ஆபத்து என்றால் அவரே நிறுத்தியிருப்பார் என்று நினைத்தேன். உரக்கக் கூப்பிட்டுப் பேசுகிற பழக்கமும் எனக்குக் கிடையாது. சாப்பாட்டு மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது. அவன் இடது கையில் இரண்டு விரல்கள் போயின.

துணியைச் சுற்றி ஜீப்பில் ஏற்றிய பிறகு எல்லோரும் பிரஸ்ஸைச் சுற்றி நின்றோம். அவர் வந்து மெயின் சுவிட்சை அணைத்தார்.

“சொன்னேன்ல மதுர” என்றார், என்னைப் பார்த்து. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

மூன்று மாதம் கழித்து உத்தனப்பள்ளிக்காரன் திரும்பி வந்தான். ஸ்டோர்ஸில் கையுறை எடுத்துக் கொடுக்கிற வேலை போட்டுக் கொடுத்தார்கள். அவரிடம் அவன் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. தோப்புக்கு வந்தால் அவர் பக்கத்திலேயே உட்காருவான். அந்தக் கையால் சீட்டு விசிறுவதற்குப் பழகிக்கொண்டிருந்தான். அவனுக்கு ஆட்டத்தில் ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. இரண்டு தடவை விழுந்த பக்கத்துக்கு எதிர்ப் பக்கமே கட்டுவான்.

அந்தச் சமயத்தில் என் மனைவி மூன்றாவது முறை உண்டாகியிருந்தாள். ஊரிலிருந்து என் அம்மா போன் செய்யும்போதெல்லாம் பையன் என்றே பேசினாள். பையனுக்கு என்ன பெயர், பையனுக்கு எந்தக் கோயிலில் மொட்டை. மனைவியின் அம்மா வேறு மாதிரி பேசினாள். அந்தப் பக்கத்தில் பொம்பளைப் பிள்ளை பிறந்தால் வைத்துக்கொள்ள மாட்டார்களாமே, பிரசவத்துக்கு இங்கே வந்துவிடு என்றாள். லீவு கிடைக்காது, பெரியவளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது என்று நான்தான் நிறுத்திவிட்டேன்.

தோப்பில் என்னைக் கேலி செய்யத்தான் முதலில் ஆரம்பித்தார்கள். மதுரைக்கு இரண்டு விழுந்திருக்கிறது என்றான் ஒருவன். அவர் என் பக்கம் திரும்பினார். என் மகள்களை அவர் பார்த்ததுகூட இல்லை. இரண்டு விரல்கள் நிமிர்ந்தன.

“பையன் உள்ளே. பொண்ணு வெளியே” என்றார். “பொண்ணு எப்படியும் வெளிய போறதுதான?”

எல்லோரும் கட்டினார்கள். ஏறக்குறைய எல்லோரும் வெளியே. எதிர்ப் பக்கம் கட்ட ஆளில்லாமல் சூப்பர்வைசர்கள் வரைக்கும் விஷயம் போயிற்று. அங்கே உள்ளே கட்ட ஆள் கிடைத்தது. நான் குனிந்து தைல இலையைக் கிள்ளிக்கொண்டிருந்தேன். உத்தனப்பள்ளிக்காரன் எழுந்து வந்து உள்ளே கட்டினான்.

“ஏன்டா, உனக்கே தெரியும்ல?” என்று கேட்டார்கள்.

“மூணாவது வராம போறத ஒரு தடவ பாக்கணும்ணா” என்றான்.

அவர் என்னருகே சாக்கை நகர்த்திப் போட்டு உட்கார்ந்தார். அப்படி அவர் யாரிடமும் நகர்ந்து வந்ததில்லை.

“நீயும் கட்டு மதுர. வெளியே கட்டு. பையன் வந்தா பையன் மிச்சம். பொண்ணு வந்தா துட்டு மிச்சம். எதுலயும் உனக்கு நட்டமில்ல.”

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. அவர் சொன்னது எனக்கு நியாயமாகப் பட்டது. ஒரு வார ஓவர்டைம் பணத்தைக் கட்டினேன். அதன் பிறகு இரண்டு மாதம், வீட்டில் இருக்கும்போது பையன் வேண்டும் என்றிருக்கும். தோப்புக்குப் போனால் பெண் வேண்டும் என்றிருக்கும். இரண்டும் ஒரே வயிற்றைப் பற்றித்தான் என்பது அப்போது தோன்றவில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம் ஆயிற்று. அந்த ஆஸ்பத்திரி வாசலில் ஒரு தொட்டில் வைத்திருந்தார்கள். வேண்டாத பெண் குழந்தையைக் கொன்றுவிடாமல் அதில் போட்டுவிட்டுப் போகலாம். உள்ளே நுழையும்போது மனைவி அதைப் பார்த்தாள். இது எதற்கு என்று கேட்டாள். தெரியாது என்றேன். தெரியும்.

பெண் குழந்தை. மறுநாள் பார்வையாளர் நேரத்தில் அவர் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவரை என் மனைவி அதற்கு முன் பார்த்ததில்லை. கட்டில் கதவோரம் இருந்தது. அவர் குனிந்து குழந்தையைப் பார்த்தார். தொடவில்லை. இரண்டு விரல்களோடு மூன்றாவது விரலும் நிமிர்ந்தது. பிறகு மூன்றையும் மடக்கினார். என்னைப் பார்த்து, “சாக்கு” என்றார்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. தோப்பில் சொல்கிற மாதிரியும் இல்லை. கொஞ்சம் மெதுவாகச் சொன்னார்.

என்னை வெளியே கூப்பிட்டார். வார்டுக் கதவுக்கு எதிரிலேயே நின்று, நான் ஜெயித்த பணத்தை என் சட்டைப் பையில் திணித்தார்.

“நாலாவதுக்கு குந்தாத மதுர” என்றார். “எங்கம்மாவுக்கு மூணு பொண்ணு. நாலாவதுக்கு குந்துனா. நான் வந்தேன். அவ எந்திரிக்கல. அவளத் தூக்கினு போறப்ப எங்கப்பன் ஊருக்கு சக்கரை குடுத்துனு இருந்தானாம், பையன் பொறந்துட்டான்னு.”

அவர் பதிலுக்காக நிற்கவில்லை. கூட வந்தவர்களிடம், உள்ளே கட்டினவனெல்லாம் டீ வாங்கிக் கொடுங்கடா என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினார். அவர்களில் உத்தனப்பள்ளிக்காரனும் ஒருவன். அவன் ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்துவிட்டு இறங்கிப் போனான்.

உள்ளே வந்தேன். மனைவி எழுந்து உட்கார்ந்திருந்தாள். குழந்தை அவள் மடியில் இருந்தது.

“அவரு எதுக்கு சாக்கு கேக்காரு?” என்றாள்.

“ஒண்ணுமில்ல” என்றேன்.

அந்த வார்த்தைக்கு அர்த்தம் சொல்ல வேண்டுமென்றால் தோப்பைச் சொல்ல வேண்டும். தோப்பைச் சொன்னால் பந்தயத்தைச் சொல்ல வேண்டும். பந்தயத்தைச் சொன்னால் நான் கட்டியதைச் சொல்ல வேண்டும். ஒண்ணுமில்ல என்பது சுலபமாக இருந்தது.

கருத்தடை ஆபரேஷனுக்கு அவளே கேட்டு எழுதிக் கொடுத்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் குழந்தையை மடியைவிட்டு இறக்கவே இல்லை. நர்ஸ் எடை பார்க்கக் கேட்டால்கூடக் கூடவே போனாள். தையல் பிரியப் போகிறது என்று திட்டினார்கள். பெரியவளை எனக்கும் குழந்தைக்கும் நடுவில் உட்காரவைத்தாள். நான் பச்சை உடம்புக்காரி பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு ஆட்டோவில் வந்து இறங்கினோம். வாசலில் கால் துடைக்க ஒரு பழைய சாக்கு கிடக்கும். அதைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். “அதை எடுத்துப் போடுங்க” என்றாள். எடுத்துப் போட்டேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அரிசி மூட்டையைக் காணோம். அரிசி தகர டின்னில் இருந்தது. மூட்டைச் சாக்கு வெந்நீர் அடுப்பில் பாதி எரிந்து கிடந்தது. பூச்சி விழுந்திருக்கும் என்று நினைத்தேன். ஒருவன் இவ்வளவு மந்தமாக இருக்க முடியுமா என்று இப்போது தோன்றுகிறது.

ஜெயித்த பணத்தில் குழந்தைக்கு வெள்ளிக் கொலுசு வாங்கினேன். நானே காலில் போட்டுவிட்டேன். போட்டு முடிக்கும்வரை அவள் குழந்தையின் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

முப்பதாம் நாள் பெயர் வைத்தோம். வந்தவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு, பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்.

“அந்த ஆளு உங்க பைக்குள்ள துட்டு வச்சத நான் பாத்தேன். சாக்கும் கேட்டாரு. நான் என்ன நினைப்பேன்? பிள்ளைய வித்துட்டீங்கன்னு நினைச்சேன். தூக்கிட்டுப் போக சாக்கு கேக்காருன்னு நினைச்சேன்.”

கழுவிய பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

“எதுக்குன்னு கேட்டேன். ஒண்ணுமில்லன்னு சொன்னீங்க. தர மாட்டேன்னு சொல்லலியே.”

அப்போதுதான் சொன்னேன். கன்னட வார்த்தை என்றேன். போதும் என்று அர்த்தம் என்றேன். சீட்டு, தோப்பு, இரண்டு விரல், வெளியே, உள்ளே, நான் கட்டியது, கொலுசு, எல்லாவற்றையும் சொன்னேன். அவருடைய அம்மா செத்ததையும் சொன்னேன். நான் அவளிடம் அவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல் தடவை. சொல்லி முடித்தால் சரியாகிவிடும் என்று நம்பினேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எது போதுமாம்?” என்றாள்.

நான் குழந்தையைப் பார்த்தேன்.

“அப்ப நான் நினைச்சது சரிதான்” என்றாள்.

கொலுசின் திருகைக் கழற்றி, இரண்டையும் என் உள்ளங்கையில் வைத்தாள். பணம் கொடுத்தவரிடமே கொடுத்துவிடச் சொன்னாள்.

மறுநாள் அதை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். அவர் இல்லை. வேலைக்குச் சேர்ந்து அந்த வாரத்தோடு மூன்று வருஷம் முடிந்ததாம். எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். எந்தக் கம்பெனியிலும் அவர் மூன்று வருஷத்துக்கு மேல் இருந்ததில்லை என்று அப்போதுதான் ஒருவன் சொன்னான். எங்கே போகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லையாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அவருடைய மடித்த சாக்கு மட்டும் பிரஸ் ஷாப் மூலையில் இருந்தது. உத்தனப்பள்ளிக்காரன் அதை எடுத்துப் போய் ஸ்டோர்ஸில் தன் நாற்காலியில் போட்டுக்கொண்டான்.

அவரை நான் கெட்டவர் என்று சொல்லிவிட முடிந்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும். அவர் என்னிடம் இரண்டு தடவை உண்மையைச் சொன்னார். பிரஸ்ஸைப் பற்றி ஒரு தடவை, நாலாவதைப் பற்றி ஒரு தடவை. இரண்டையும் எனக்குள்ளேயே வைத்துக்கொண்டவன் நான்தான். அவர் கணக்கில் இன்னும் ஒன்று பாக்கி இருந்திருக்கும். அதற்குள் எழுந்து போய்விட்டார்.

கொலுசு பீரோவில் ஒரு டப்பாவில் கிடக்கிறது. யாரும் போட்டுக்கொண்டதில்லை.

மூன்றாவது மகளுக்கு இப்போது பதினாறு வயது. மூவரில் அவள்தான் வாயாடி. பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகள் கன்னடம், தெலுங்கு. அவளுக்கு மூன்றும் ஒன்றாக வரும். போன வாரம் மத்தியானம் நாங்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். மனைவி அவளுக்குச் சோறு போட்டாள். மூன்றாவது கரண்டி விழுந்ததும் மகள் தட்டின் மேல் கையை விரித்து மறைத்தாள்.

“சாக்கும்மா, சாக்கு” என்றாள் சிரித்துக்கொண்டே.

மனைவியின் கை அப்படியே நின்றது. கரண்டியில் ஆவி பறந்துகொண்டிருந்தது. பிறகு மகளின் கையை மெதுவாக விலக்கிவிட்டு, நாலாவது கரண்டியையும் தட்டில் போட்டாள். போடும்போது அவள் தட்டைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.